கட்டளை போகிறது, கால் அசையவில்லை

தென்னை மரத்திலிருந்து விழுந்தோ, வண்டி கவிழ்ந்தோ கழுத்தில் தண்டுவடம் அடிபட்ட ஒருவரைப் பார்க்கப் போகிறவர்கள் பெரும்பாலும் குழப்பத்தோடுதான் வீடு திரும்புகிறார்கள். ஆள் தெளிவாகப் பேசுகிறார். வந்தவர்களை அடையாளம் கண்டு ஊர்ச் சேதி விசாரிக்கிறார். கால் மட்டும் அசையவில்லை. சில வாரங்கள் கழித்து மறுபடி போனால் குழப்பம் இன்னும் கூடும். மருத்துவர் ரப்பர் சுத்தியலால் முழங்காலுக்குக் கீழே லேசாகத் தட்டுகிறார். அந்தக் கால் வெடுக்கென்று உதைக்கிறது, நம் காலைவிடவும் வேகமாக. போர்வை உரசினால்கூடச் சில நேரம் துள்ளுகிறது. தட்டினால் உதைக்கும் கால், அவர் அசைக்க நினைக்கும்போது மட்டும் ஏன் அடங்கிக் கிடக்கிறது?

முழங்காலைத் தட்டும்போது எழும் செய்தி மூளை வரை போவதில்லை. இடுப்பை ஒட்டிய தண்டுவடப் பகுதிக்குப் போய், அங்கேயே பதில் பெற்று, தொடைத் தசைக்குத் திரும்பிவிடுகிறது. ஆக, அவருடைய கால் தசைகள் இருக்கின்றன, நரம்புகள் இருக்கின்றன, இடுப்புப் பகுதித் தண்டுவடமும் வேலை செய்கிறது. மேலே மூளையும் நன்றாக இருக்கிறது. அறுந்தது இரண்டுக்கும் இடையிலுள்ள பாதை. மூளையில் இருக்கும் சில நரம்பணுக்களின் இழைகள் அரை மீட்டருக்கும் மேல் நீண்டு முதுகுவழியே இறங்குகின்றன. காலை எடு, வை என்ற கட்டளை அந்த இழைகளில்தான் பயணிக்கிறது. வழக்கமாக இந்த அனிச்சைச் செயலை அடக்கி வைப்பதும் மூளையிலிருந்து இறங்கும் பாதைகள்தாம். அவை அறுந்துபோனதால்தான் சுத்தியல் பட்டதும் கால் அவ்வளவு வேகமாகத் துள்ளுகிறது.

பாதை அறுந்தது சரி. அறுந்த பிறகும் மூளை அந்தக் கட்டளையை எழுப்புகிறதா? பயன்படுத்தாத தசை மெலிந்துபோவதைக் கண்ணால் பார்க்கிறோம். மூன்று வருடம், ஐந்து வருடம் ஒரு பதிலும் வராத கட்டளையை மூளை மறந்துவிட்டிருக்காதா? மறந்திருந்தால், மூளையிலிருந்து நேராகக் கட்டளையை வாங்கி ஓர் இயந்திரத்துக்குக் கொடுக்கலாம் என்ற எண்ணமே வீண். எனக்கு இந்தத் துறையில் மிக முக்கியமான கேள்வியாகத் தோன்றுவது இதுதான். இயந்திரங்களின் படங்களைப் பார்த்து வியப்பவர்கள் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

கட்டளை எங்கிருந்து கிளம்புகிறது என்பது முன்பே தெரிந்திருந்தது. 1870இல் ஜெர்மனியில் ஃபிரிட்ஷ், ஹிட்ஸிக் என்ற இருவர் நாயின் மூளை மேற்பரப்பில் ஒரு குறிப்பிட்ட இடத்தில் மெல்லிய மின்னோட்டம் பாய்ச்சியபோது எதிர்ப்பக்கக் கால் அசைந்தது. கனடாவின் மாண்ட்ரியல் நகரில் வைல்டர் பென்ஃபீல்டு, வலிப்பு நோய்க்காக அறுவை செய்யும்போது, விழித்திருக்கும் நோயாளிகளின் மூளையில் இதே முறையில் தொட்டுத் தொட்டு ஒரு வரைபடமே தயாரித்தார். காதுக்கு மேலிருந்து உச்சந்தலை வரை ஓடும் ஒரு பட்டையில் முகம், கை, உடல், கால் என்று வரிசையாக இடம் பிரித்திருக்கிறது. அந்தப் பட்டைக்கு இயக்கப் புறணி என்று பெயர். கைக்கும் முகத்துக்கும் பெரிய இடம். காலுக்கு உரிய இடம் இரு அரைக்கோளங்களுக்கு நடுவிலுள்ள பிளவுக்குள் மடிந்து கிடக்கிறது.

மறதியைப் பற்றிய கேள்விக்கு அமெரிக்காவில் 2004இல் தொடங்கிய ப்ரெயின்கேட் சோதனை பதில் தந்தது. மூன்று ஆண்டுகளுக்கு முன் கழுத்தில் தண்டுவடம் அறுபட்ட ஓர் இளைஞருடைய இயக்கப் புறணியில், கைக்குரிய இடத்தில், சுமார் 4 மில்லிமீட்டர் சதுரச் சில்லு ஒன்றைப் பதித்தார்கள். அதில் 96 ஊசி மின்முனைகள். கையை அசைப்பதாக நினைக்கச் சொன்னதும் நரம்பணுக்கள் துடித்தன. இடப்பக்கம் என்று நினைத்தால் ஒரு விதமாக, வலப்பக்கம் என்றால் வேறு விதமாக. அந்தத் துடிப்புகளைக் கொண்டு அவர் கணினித் திரையில் சுட்டியை நகர்த்தினார். 2006இல் நேச்சர் இதழில் இது வெளியானது. மூன்று ஆண்டுகள் ஒரு பதிலும் வராத கட்டளையை அந்த மூளை விட்டுவிடவில்லை.

இனி இயந்திரத்துக்கு வருவோம். எக்ஸோஸ்கெலிட்டன் என்று பொறியாளர்கள் சொல்வது உடலுக்கு வெளியே அணியும் மோட்டார் எலும்புக்கூடு. புறக்கூடு என்று வைத்துக்கொள்வோம். இடுப்பு, முழங்கால் மூட்டுகளுக்கு நேராக மோட்டார்கள், காலோடு சேர்த்துக் கட்டும் பட்டைகள். இது கற்பனைச் சரக்கு இல்லை. இஸ்ரேலில் உருவான ரீவாக் என்ற புறக்கூட்டை வீட்டில் பயன்படுத்த அமெரிக்க அரசு 2014இல் அனுமதி கொடுத்தது. மணிக்கட்டில் ஒரு பொத்தான், உடலை முன்னால் சாய்த்தால் ஓர் அடி, இரு கைகளிலும் ஊன்றுகோல். இடுப்புக்குக் கீழ் செயலிழந்தவர்களுக்கு அது போதும். அதை உருவாக்கிய அமித் கோஃபருக்குக் கழுத்தில் தண்டுவடம் அடிபட்டிருந்தது. ஊன்றுகோலைப் பிடிக்கக் கைகளில் வலுவில்லாததால், தான் படைத்த கருவியை அவரால் பயன்படுத்த முடியவில்லை.

மூளையிலிருந்து நேரடிக் கட்டளை வேண்டியது யாருக்கு என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் இருக்க முடியாது. பொத்தானை அழுத்தக் கை இருப்பவருக்குப் பொத்தானே மேல். அது மலிவானது, நம்பகமானது. கையும் இல்லாதவருக்குத்தான் மூளை–கணினி இடைமுகம்: மூளையின் மின் அசைவுகளை வாங்கி, அவற்றின் பொருளைக் கணித்து, கருவிக்கு ஆணையாக மாற்றித் தரும் ஏற்பாடு.

அந்த மின் அசைவுகளை எங்கே நின்று கேட்பது? கல்யாண மண்டபத்துக்கு வெளியே தெருவில் ஒருவர் நிற்கிறார் என்று வையுங்கள். உள்ளே ஐந்நூறு பேர் பேசுகிறார்கள். யார் யாரிடம் என்ன சொல்கிறார்கள் என்று அவருக்குத் தெரிய வழியில்லை. கலவையான இரைச்சல்தான் சுவரைத் தாண்டி வரும். ஆனால் கெட்டிமேளம் முழங்கினால் தாலி ஏறுகிறது என்று அவருக்கும் தெரிந்துவிடும். எல்லாரும் ஒரே கணத்தில் சேர்ந்து அடிப்பதால் அந்த ஓசை வெளியே வருகிறது. தலைத்தோலின் மேல் ஒட்டும் மின்முனை தெருவில் நிற்கும் அந்த ஆள். மூளைக்கும் அதற்கும் நடுவே மண்டையோடு எனும் சுவர். லட்சக்கணக்கான நரம்பணுக்கள் ஒரே தாளத்தில் துடித்தால் மட்டுமே அதற்குக் கேட்கும்.

இப்படித் தலைத்தோலிலிருந்து பதிவு செய்வதுதான் மருத்துவமனைகளில் எடுக்கும் ஈ.ஈ.ஜி. ஜெர்மனியின் யேனா நகர மனநல மருத்துவர் ஹான்ஸ் பெர்கர் 1924இல் மனிதத் தலையிலிருந்து முதன்முதலில் இதைப் பதிவு செய்தார். சரிபார்த்துச் சரிபார்த்து, 1929இல்தான் வெளியிட்டார். தலைத்தோலுக்கு வந்து சேரும் மின்னழுத்தம் பொதுவாக ஒரு வோல்ட்டின் பத்தாயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. கண் இமைத்தால், பல்லைக் கடித்தால் எழும் மின்சாரம் அதை மூழ்கடித்துவிடும்.

ஆனாலும் அதில் ஓர் உபயோகமான அடையாளம் கிடைத்தது. கை சும்மா இருக்கும்போது அதற்குரிய புறணிப் பகுதியில் நரம்பணுக்கள் ஒன்றுகூடி விநாடிக்கு 8 முதல் 13 முறை வரை துடிக்கின்றன. இதை மியூ அலை என்பார்கள். கையை அசைத்ததும் அந்தத் தாளம் கலைகிறது. அணுக்கள் ஒவ்வொன்றும் தன் வேலைக்குப் பிரிந்துவிடுவதால் வெளியே கேட்ட மேளம் ஓய்ந்துபோகிறது. கையை உண்மையில் அசைக்காமல், அசைப்பதாக நினைத்தாலே போதும், அப்போதும் ஓய்கிறது. ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரில் கெர்ட் ஃபுர்ட்ஷெல்லர் குழுவினர் இதை விரிவாக ஆராய்ந்தார்கள். ஓசை நின்ற இடத்தைப் பார்த்து நினைத்தது வலக் கையா, இடக் கையா, காலா என்று கணிக்கலாம். அவ்வளவுதான் முடியும். எந்த விரல், எவ்வளவு தூரம், எவ்வளவு வேகம் என்பதெல்லாம் தெருவில் நிற்பவருக்கு எட்டாது.

2014 ஜூன் 12 அன்று பிரேசிலின் சாவோ பாலோவில் உலகக் கோப்பைக் கால்பந்துத் தொடக்க விழாவில், கால் செயலிழந்த ஒருவர் புறக்கூடு அணிந்து பந்தை உதைத்தார். நரம்பியலாளர் மிகேல் நிகோலெலிஸ் தலைமையிலான குழுவின் ஏற்பாடு அது. உதைத்தவர் தலையில் இருந்தது ஈ.ஈ.ஜி. தொப்பிதான். உதைக்க வேண்டும் என்ற ஒரு முடிவு மூளையிலிருந்து வந்தது. சமநிலை, மூட்டுகளின் கோணம், காலை வீசும் பாதை எல்லாவற்றையும் இயந்திரம் பார்த்துக்கொண்டது. தொலைக்காட்சியில் சில விநாடிகளே காட்டினார்கள். பார்த்தவர்கள் பலருக்கு ஏமாற்றம். என்னைக் கேட்டால், தொப்பியால் எவ்வளவு முடியும் என்பதை அந்தச் சில விநாடிகள் நேர்மையாகவே காட்டின.

இன்னும் நெருங்கிக் கேட்கலாம். ப்ரெயின்கேட்டின் ஊசிகள் புறணிக்குள் இறங்கித் தனித்தனி நரம்பணுக்களின் அருகில் நிற்பவை. உள்ளே போய் ஒவ்வொருவர் பேச்சையும் கேட்பதற்குச் சமம். துல்லியம் அதிகம், விலையும் அதிகம். ஊசியைச் சுற்றி மூளை வடுத்திசுவை வளர்க்கிறது. மாதங்கள் செல்லச் செல்லச் சில மின்முனைகளில் ஒலி மங்குகிறது. அந்தச் சோதனையில் தோலைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும் இணைப்பும் தேவைப்பட்டது. கிருமி நுழைய அது ஒரு வாசல். இரண்டுக்கும் நடுவில் ஓர் இடம் உண்டு. மண்டையோட்டைத் தாண்டி, ஆனால் மூளையைத் தொடாமல், அதை மூடியிருக்கும் தடித்த சவ்வின் மேல் மின்முனைகளை வைப்பது. ஃபிரான்ஸின் கிரெனோபிள் நகரில் க்ளினாடெக் ஆய்வகம் இந்த வழியைத் தேர்ந்தெடுத்தது.

அதன் பின்னால் இருந்தவர் அலிம்-லூயி பெனபித். பார்க்கின்சன் நோயாளிகளின் நடுக்கத்தை ஆழ்மூளை மின்தூண்டலால் அடக்கும் சிகிச்சையை 1987 முதல் வளர்த்தெடுத்தவர். 2014இல் லாஸ்கர் விருது பெற்றவர். மூளைக்குள் மின்சாரம் அனுப்பிப் புகழ்பெற்ற ஒருவர், பிற்காலத்தில் மூளையிலிருந்து மின்சாரத்தை வாங்கும் வேலையில் இறங்கினார்.

க்ளினாடெக் பதியத்தின், அதாவது தலைக்குள் பதிக்கும் கருவியின், விட்டம் 5 சென்டிமீட்டர், ஒவ்வொன்றிலும் 64 மின்முனைகள். மண்டையோட்டிலிருந்து அதே அளவு வட்டமாக எலும்பை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் இதைப் பொருத்தித் தோலை மூடித் தைத்துவிடுவார்கள். வெளியே எந்தக் கம்பியும் இல்லை. தலையில் அணியும் தொப்பியில் உள்ள ஆன்டெனா மின்சாரத்தை உள்ளே அனுப்புகிறது, பதிவுகளை வெளியே வாங்குகிறது. முதலில் பொருத்தப்பட்டவரிடம் பதியம் தொடர்பை இழந்துவிட்டது, எடுத்துவிட வேண்டியதாயிற்று. இரண்டாமவர் 28 வயது இளைஞர். கழுத்தில் தண்டுவடம் அடிபட்டுக் கைகால் நான்கும் பாதிக்கப்பட்டவர். அறுவைக்கு முன்பு, கையையும் காலையும் அசைப்பதாக அவரை நினைக்கச் சொல்லி, ரத்த ஓட்டத்தைக் காட்டும் எம்.ஆர்.ஐ. படமும், மூளையின் காந்தப்புலத்தை அளக்கும் பதிவும் எடுத்தார்கள். புறணியில் எந்த இடம் விழித்தெழுகிறது என்று பார்த்து, நேர்மேலே இரண்டு பக்கமும் ஒவ்வொன்று பதித்தார்கள். அது 2017 ஜூன்.

அடுத்து வந்ததுதான் நீண்ட வேலை. எந்த மின் அசைவுக்கு என்ன பொருள் என்று எழுதி வைத்த அகராதி எங்கும் கிடையாது. இயக்கப் புறணியில் ஒரு நரம்பணு ஒரு தசைக்கு என்ற கணக்கும் இல்லை. ஏறக்குறைய ஒவ்வோர் அணுவுக்கும் விருப்பமான ஒரு திசை இருக்கிறது, கை அந்தப் பக்கம் போகும்போது அதிகமாகத் துடிக்கிறது, பக்கத்துத் திசைகளுக்குக் கொஞ்சம் குறைவாகத் துடிக்கிறது என்று 1980களில் ஜார்ஜோபொலஸ் குரங்குகளில் காட்டினார். தனி அணுவைக் கேட்டால் உறுதியாக எதுவும் தெரியாது. பலவற்றின் துடிப்பைச் சேர்த்துக் கணக்கிட்டால் கை எங்கே போகப் போகிறது என்பது வெளிப்படுகிறது. எனவே குறிவிலக்கி, அதாவது டீகோடர் எனப்படும் கணினி நிரல், ஒவ்வொரு மனிதரிடமும் புதிதாகப் பாடம் படிக்க வேண்டும். வலக் கையை முன்னால் நீட்டுவதாக நினையுங்கள் என்று சொல்லி, அந்த நேரத்துப் பதிவை அது குறித்துக்கொள்ளும். மறுபடி, மறுபடி. போதுமான உதாரணங்கள் சேர்ந்ததும் புதிய பதிவைப் பார்த்துக் கணிக்கத் தொடங்கும்.

கற்பது நிரல் மட்டும் என்றால் இது வெறும் கணினிக் கதை. அந்த மனிதரும் கற்கிறார். 1969இல் சியாட்டில் நகரில் எபர்ஹார்டு ஃபெட்ஸ் ஒரு சோதனை செய்தார். குரங்கின் இயக்கப் புறணியில் ஒரே ஒரு நரம்பணுவின் துடிப்பை ஒரு மீட்டரின் முள்ளோடு இணைத்தார். துடிப்பு கூடினால் முள் நகரும்; எல்லையைத் தொட்டால் உணவு. சீக்கிரத்திலேயே குரங்கு அந்த அணுவின் துடிப்பை வேண்டியபடி கூட்டக் கற்றுக்கொண்டது. என்ன செய்து கூட்டியது என்று அதற்கே தெரிந்திருக்காது. பலனைக் கண்ணெதிரே காட்டினால் மூளை தன் அணுக்களைத் திருத்திக்கொள்கிறது. சைக்கிள் பழகும்போதும் இதைத்தான் செய்திருக்கிறோம். எந்தத் தசையை எப்படி இழுத்தோம் என்று நம்மில் யாராலும் சொல்ல முடியாது.

கிரெனோபிள் இளைஞர் முதலில் தொடங்கு, நிறுத்து என்ற ஒற்றை முடிவில் ஆரம்பித்தார். திரையில் ஓர் உருவப்பொம்மை நடக்கும், நிற்கும். பிறகு ஒரு கையை ஒரு திசையில் நீட்டுவது, பிறகு மூன்று திசைகளிலும், பிறகு இரு கைகளையும், கடைசியில் மணிக்கட்டுத் திருப்பலும். தனித்தனியாகக் கட்டுப்படுத்தக்கூடிய அசைவுகளின் எண்ணிக்கை எட்டு வரை போனது. வீட்டில் திரை உருவத்தோடு பயிற்சி, ஆய்வகத்தில் 65 கிலோ எடையுள்ள, கைகால் நான்கும் அசையும் புறக்கூட்டுக்குள். இரண்டு ஆண்டுப் பதிவுகள் 2019இல் தி லான்செட் நியூராலஜி இதழில் வெளியாயின. குறி வைத்த இடத்தைத் தொடும் பணிகளில் வீட்டில் திரை உருவத்தைக் கொண்டு 64 சதவீதமும், புறக்கூட்டைக் கொண்டு ஏறக்குறைய 71 சதவீதமும் வெற்றி. ஒரு முறை கற்ற குறிவிலக்கியை ஏழு வாரங்கள் வரை திருத்தாமலேயே பயன்படுத்த முடிந்தது. தினமும் காலையில் புதிதாகப் பாடம் எடுக்க வேண்டிய கருவியை யாரும் வீட்டில் வைத்துக்கொள்ள மாட்டார்கள் என்பதால், வெற்றி சதவீதத்தைவிட இந்த ஏழு வாரத்தைத்தான் நான் பெரிய செய்தியாக எடுத்துக்கொள்கிறேன்.

"மனத்தால் நடந்தார்" என்று அப்போது செய்திகள் வந்தன. அங்கே நடந்ததைச் சரியாகச் சொல்ல வேண்டும். கைகளின் திசையை அவர் மூளை தொடர்ந்து நடத்தியது. நடையில் அவர் கொடுத்தது கிளம்பு, நில் என்ற முடிவு மட்டும்; அடியெடுத்து வைக்கும் அசைவுகள் முன்பே எழுதி வைத்த நிரலிலிருந்து வந்தன. சமநிலை இயந்திரத்துடையதுகூட இல்லை. புறக்கூடு கூரையிலிருந்து தொங்கும் பட்டையில் மாட்டப்பட்டிருந்தது. இதனால் சாதனை குறைந்துவிடவில்லை. நடக்கும்போது நாமும் ஒவ்வொரு மூட்டையும் நினைத்துச் செலுத்துவதில்லை. அடியின் தாளத்தைப் பெருமளவு தண்டுவடம் கவனித்துக்கொள்கிறது. முடிவு மூளையிலும் விவரம் கீழேயும் இருப்பது இயற்கை செய்துவைத்த பங்கீடு. யாரும் அவருடைய எண்ணங்களைப் படிக்கவுமில்லை. மதியச் சாப்பாட்டைப் பற்றி அவர் நினைத்தால் அந்த மின்முனைகளுக்கு ஒன்றும் தெரியாது. அவை இருப்பது அசைவுக்குரிய பட்டையின் மேல். அவர் மனமுவந்து அசைக்க முயலும்போதுதான் அவற்றுக்குச் சேதி.

குறைகளில் பெரியது, பதில் வராததுதான். கண்ணை மூடினாலும் நம் கால் எங்கே இருக்கிறது என்று நமக்குத் தெரியும். பாதம் தரையைத் தொட்டதை உணர்கிறோம். புறக்கூடு அணிந்தவருக்குக் கண் மட்டுமே துணை. பிரேசில் குழு இதற்கு ஒரு வழி கண்டது: புறக்கூட்டின் பாதம் தரையைத் தொடும்போது அணிந்தவரின் முன்கையில் அதிர்வு கொடுத்தார்கள். தங்கள் கால்களே நடப்பதாக உணர்ந்ததாகப் பங்கேற்றவர்கள் சொன்னார்கள். எட்டுப் பேருக்கு ஓராண்டுப் பயிற்சி அளித்து 2016இல் அவர்கள் வெளியிட்ட முடிவு யாரும் எதிர்பாராதது. பல ஆண்டுகளாக உணர்வற்றிருந்த பகுதிகளில் ஓரளவு தொடுவுணர்வும் தசைக் கட்டுப்பாடும் திரும்பின. பாதிப்பேர் முழுச் செயலிழப்பிலிருந்து பகுதிச் செயலிழப்பு என்ற வகைக்கு மாற்றப்பட்டார்கள். தண்டுவடத்தில் முற்றிலும் அறுந்ததாகக் கருதிய இடத்தில் சில இழைகள் மிஞ்சியிருந்து பயிற்சியில் விழித்திருக்கலாம். ஆனால் அவர்கள் தீவிர உடற்பயிற்சியும் செய்தார்கள், ஒப்பிட்டுப் பார்க்க மூளை இணைப்பு இல்லாத இன்னொரு குழு அங்கே இருக்கவில்லை. எந்தப் பங்கு எதனால் என்று பிரித்துச் சொல்ல அந்தச் சோதனை போதாது.

2023இல் அதே கிரெனோபிள் வகைப் பதியங்களை வைத்துக்கொண்டு சுவிட்சர்லாந்தின் லோசானில் கிரெகுவார் கூர்த்தீன், ஜோஸ்லின் ப்ளாக் குழுவினர் இன்னொரு பாதையில் போனார்கள். தண்டுவடம் அடிபட்ட வேறொருவரின் மூளையிலிருந்து வாங்கிய கட்டளையை மோட்டார்களுக்கு அனுப்பாமல், அடிபட்ட இடத்தைத் தாண்டி, இடுப்புத் தண்டுவடத்தின் மேல் வைத்த மின்முனைகளுக்கு அனுப்பினார்கள். சுத்தியலுக்குப் பதில் சொன்ன அந்தக் கீழ்த் தண்டுவடத்துக்கு, பத்தாண்டுகளுக்கு மேல் கழித்து, மேலிருந்து மறுபடி ஆணை வந்தது. தண்டுவடம் பகுதியாக மட்டும் சேதமான அந்த மனிதர் தன் தசைகளாலேயே நின்றார், நடந்தார், படியேறினார். பயிற்சிக்குப் பின் கருவியை அணைத்துவிட்டும் ஊன்றுகோலோடு சில அடிகள் நடக்க முடிந்தது. தண்டுவடத்தில் எதுவுமே மிஞ்சாதவர்களுக்கும், தசைகள் முற்றிலும் மெலிந்தவர்களுக்கும் இந்த வழி எவ்வளவு உதவும் என்பது வேறு கேள்வி. அவர்களுக்கு மோட்டாரும் உலோகமும் இன்னும் தேவை.

தண்டுவடம் அடிபட்ட 681 பேரிடம், எது திரும்பக் கிடைத்தால் வாழ்க்கை அதிகம் மாறும் என்று அமெரிக்க ஆய்வாளர் கிம் ஆண்டர்சன் கேட்டு 2004இல் வெளியிட்டார். கைகால் நான்கும் செயலிழந்தவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் முதலிடம் கொடுத்தது கைக்கு. நடை முதலிடத்தில் இல்லை. தானே சோறு அள்ளிச் சாப்பிடுவது, மூக்கைச் சொறிந்துகொள்வது, யாரையும் கூப்பிடாமல் போர்வையை இழுத்துவிடுவது. நடக்கும் மனிதரின் படம் நாளிதழில் இடம்பிடிப்பது எளிது. எனக்கு, கிரெனோபிளில் அந்த இளைஞர் மணிக்கட்டைத் திருப்பியதே பெரிதாகப் படுகிறது. ஆனால் அந்தப் புறக்கூட்டின் கையால் பொருளைப் பற்ற முடியவில்லை. விரல்களைச் சேர்ப்பது அடுத்த கட்டம் என்று அந்தக் குழு சொன்னது. மூளையில் நினைத்ததிலிருந்து இயந்திரம் அசையும் வரை சுமார் 350 மில்லிவிநாடிக்கு மேல் போனால் கட்டுப்பாடு கை நழுவுகிறது. அந்த நேரத்துக்குள் பதிவை அனுப்பிக் கணக்கிட்டு முடிக்க வேண்டியிருந்ததால் ஒரு பதியத்தின் 64 மின்முனைகளில் 32ஐ மட்டுமே பயன்படுத்த முடிந்தது. விரல்களுக்கு மீதி 32ம் தேவைப்படும், வேகமான ரேடியோ இணைப்பும் கணினியும் தேவைப்படும், கூரைப் பட்டை இல்லாமல் தானே நிற்கும் எடை குறைந்த புறக்கூடும் தேவைப்படும்.